‘ஓரிரு இடங்களில்’ என்றால் எந்த இடத்தில்?

“தென் தமிழக மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி, மின்னலுடன் கூடிய கனமழை பெய்யக்கூடும்.”

இந்த வாக்கியம் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். டீக்கடைத் தொலைக்காட்சியில் ஓடும்போது கண்ணாடி டம்ளரிலிருந்து யாரும் தலையை உயர்த்துவதில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் அதில் ஒரு கேள்வி உண்டு: நாளைக்கு லீவா? சென்னை வானிலை மையத்தின் முகமாகப் பல ஆண்டுகள் திரையில் தோன்றிய எஸ்.ஆர்.ரமணன் 2016-ல் ஓய்வு பெற்றார். அதுவரை, ‘மழை வரும்’ என்று அவர் சொன்னால் வெயில் அடிக்கும் என்பது ஊரே ரசித்த நகைச்சுவை. அவர் பெயரைச் சொல்லி விடுமுறை கேட்ட தலைமுறை இப்போது தன் பிள்ளைகளுக்காக அதே அறிவிப்பைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருக்கிறது.

கேலிக்குக் காரணம் கணிப்பு பொய்த்தது மட்டும் இல்லை. அந்த வாக்கியத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் வானிலைத் துறை அளந்து வைத்த ஒரு பொருள் இருக்கிறது. கேட்பவர்கள் எடுத்துக்கொள்ளும் பொருள் வேறு. இந்த இடைவெளி சாதாரண நாட்களில் சிரிப்போடு போய்விடும். எல்லா நாளும் அப்படிப் போவதில்லை.

காயல்பட்டினத்தில் ஓர் இரவு

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. குமரிக்கடல் பகுதியில் வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி ஒன்று நிலைகொண்டிருந்தது. புயல் இல்லை; ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்கூட இல்லை. பெயர் வைக்கும் தகுதி இல்லாத ஒரு சுழற்சி. மறுநாள் காலை 8.30 மணிக்கு மழைமானிகளைப் பார்த்தபோது, தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பதிவாகியிருந்தது. பக்கத்தில் திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62.

தமிழ்நாட்டில் ஓர் ஆண்டு முழுவதும் சராசரியாகப் பெய்வது சுமார் 92 செ.மீ. தூத்துக்குடியோ மாநிலத்தின் வறண்ட மாவட்டங்களில் ஒன்று. உப்பளங்களுக்குப் பெயர்போன மண். அங்கே ஒரே நாளில், மாநிலத்தின் ஓராண்டு மழையை மிஞ்சிய மழை கொட்டியது.

அன்றிரவு திருச்செந்தூரிலிருந்து சுமார் 800 பயணிகளோடு சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தோடு நின்றது. அதற்கு அப்பால் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியும் மண்ணும் அடித்துச் செல்லப்பட்டு, இருப்புப்பாதை அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ரயிலை அங்கேயே நிறுத்திவைத்த முடிவுதான் பெரும் விபத்தைத் தவிர்த்தது. சுற்றிலும் வெள்ளம். ரயிலிலேயே தங்கிவிட்ட நூற்றுக்கணக்கானவர்கள் 19-ஆம் தேதிதான் மீட்கப்பட்டார்கள்.

வெள்ளம் வடியும் முன்பே வாதம் தொடங்கியது. எச்சரிக்கை போதிய அளவில், போதிய நேரத்தில் வரவில்லை என்றது மாநில அரசு. சிவப்பு எச்சரிக்கை தந்தோம் என்றது வானிலைத் துறை. அரசியலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. சிவப்பு எச்சரிக்கை சொல்வது, ‘20 செ.மீ.க்கு மேல் பெய்யலாம்’ என்பதை. அந்த ‘மேல்’ எதுவரை என்று அது சொல்வதில்லை. 21 செ.மீ.யும் அந்த வகைதான், 95 செ.மீ.யும் அந்த வகைதான். எச்சரிக்கைப் படிக்கட்டில் கடைசிப் படி அது. அதற்கு மேல் வானம்தான்.

நான்கு சொற்களின் கணக்கு

முதலில் ‘ஓரிரு இடங்களில்’ என்பதை எடுத்துக்கொள்வோம். கேட்பவர் காதில் இது, ‘எங்கேயோ ஒன்றிரண்டு ஊர்களில் பெய்யும், நமக்கு இல்லை’ என்று விழுகிறது. வானிலை மையத்தின் அகராதியில் இதற்கு எண் உண்டு. ஒரு பகுதியில் உள்ள மழைப்பதிவு நிலையங்களில் கால்பங்கு அல்லது அதற்கும் குறைவானவற்றில் மழை பதிவாகும் என்று எதிர்பார்த்தால் ‘ஓரிரு இடங்களில்’. கால்பங்குக்கு மேல் பாதிவரை என்றால் ‘ஒரு சில இடங்களில்’. பாதிக்கு மேல் முக்கால்வரை என்றால் ‘அநேக இடங்களில்’. அதற்கும் மேல் போனால் ‘பெரும்பாலான இடங்களில்’.

ஆக, இந்தச் சொற்கள் மழை எவ்வளவு பரவலாகப் பெய்யும் என்பதைச் சொல்கின்றன. எவ்வளவு பலமாகப் பெய்யும் என்பதற்கும் இவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. ‘பெரும்பாலான இடங்களில் லேசான மழை’ என்றால் ஊர் முழுக்க நனையும், குடை போதும். ‘ஓரிரு இடங்களில் அதி கனமழை’ என்றால் மாவட்டத்தில் பலருக்குத் தூறல்கூட இருக்காது. ஆனால் யாரோ சிலர் மொட்டைமாடிக்கு ஓட வேண்டியிருக்கும். காதுக்குச் சாதுவாகத் தெரிகிற இரண்டாவது வாக்கியத்தில்தான் ஆபத்து அதிகம்.

எந்த ஓரிரு இடம் என்று சொல்லிவிடலாமே? அங்கேதான் சிக்கல். கணிப்பு மாவட்டக் கணக்கில் வருகிறது. தூத்துக்குடி மாவட்டத்தின் பரப்பு சுமார் 4,700 சதுர கிலோமீட்டர். ஒரு தனி இடிமேகத்தின் குறுக்களவு பத்துக் கிலோமீட்டர் இருந்தால் பெரிது. அது மாவட்டத்தில் அறுபதில் ஒரு பங்கை மூடும், அவ்வளவுதான். மேகம் உருவாகும் சூழல் இருக்கிறது என்று முதல்நாளே சொல்ல முடிகிறது. எந்தத் தெருவுக்கு மேலே என்று சொல்ல முடிவதில்லை. சோற்றுப்பானை கொதிக்கப்போகிறது என்று எவரும் சொல்லலாம். முதல் குமிழ் எந்த இடத்தில் கிளம்பும் என்று கேட்டால்?

செ.மீ. என்றால் எத்தனை லாரி?

அடுத்தது அளவு. ஒரு நாளில் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை. 12 முதல் 20 வரை மிக கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. இந்த ‘ஒரு நாள்’ என்பது நம் நாட்காட்டி நாள் இல்லை, காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. ஞாயிறு இரவு கொட்டிய மழை திங்கட்கிழமைக் கணக்கில் வருவது இதனால்தான்.

செ.மீ. என்ற அளவு படிப்பவர் மனதில் பெரிதாக ஒட்டுவதில்லை. பத்து செ.மீ. என்றால் கணுக்கால் உயரம்கூட இல்லையே என்று தோன்றும். சென்னைக்காரர்களுக்குப் பழக்கமான கணக்கில் சொல்லலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். ஒரு கிரவுண்டு மனை என்பது 2,400 சதுர அடி. ஏறக்குறைய 223 சதுர மீட்டர். அதில் 10 செ.மீ. மழை பெய்தால் 22,300 லிட்டர். கோடையில் பணம் கொடுத்து வாங்குகிற 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் கிட்டத்தட்ட இரண்டு. காயல்பட்டினத்தின் 95 செ.மீ.க்கு ஒவ்வொரு கிரவுண்டுக்கும் 17 லாரிக்கு மேல். உங்கள் மனையில் இரண்டு லாரித் தண்ணீரைத் திறந்துவிட்டால் எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். பக்கத்து மனையிலும் அதே இரண்டு லாரி நிற்கிறது.

அளவைவிட முக்கியம், அது எத்தனை நேரத்தில் பெய்தது என்பது. ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்பார்கள். அடைமழை நாள் முழுக்க நசநசவென்று பெய்து 10 செ.மீ.யைச் சேர்க்கும், மண் குடிக்கும், வடிகால் ஓடும், ஊர் சமாளிக்கும். அதே 10 செ.மீ. ஒரு மணி நேரத்தில் ஒரு சிறு பகுதியில் கொட்டினால் அதை மேகவெடிப்பு என்கிறது வானிலைத் துறை. மேகம் பலூன் மாதிரி வெடிப்பதில்லை. மழையின் வேகத்துக்கு வைத்த பெயர் அது.

மேகவெடிப்பு இமயமலைச் சமாச்சாரம் என்று நினைத்திருந்தவர்களுக்கு 2025 ஆகஸ்ட் 30 இரவு பதில் கிடைத்தது. வடசென்னையின் மணலியில் ஓர் இரவில் 27 செ.மீ. பதிவானது. அதில் பெரும்பகுதி ஓரிரு மணி நேரத்தில் பெய்து தீர்த்தது. அப்போது புயல் இல்லை. வடகிழக்குப் பருவமழைக் காலமும் இல்லை. பகலின் சூட்டில் கிளம்பிய இடிமேகங்கள் செய்த வேலை.

இடி விழுவதில்லை

கோடையிலும் ஆடி, ஆவணி மாலைகளிலும் தமிழ்நாட்டில் பெய்கிற இந்த மழைக்கு வெப்பச்சலன மழை என்று பெயர். வெயிலில் தரை சூடாகிறது. அதை ஒட்டிய காற்று இலேசாகி மேலே கிளம்புகிறது. அதில் ஈரப்பதம் இருந்தால் மேலே போகப் போகக் குளிர்ந்து நீர்த்துளியாகிறது. ஆவி நீராகும்போது வெப்பத்தை வெளிவிடும். அந்த வெப்பம் காற்றை இன்னும் மேலே தள்ளும். பிற்பகல் இரண்டு மணிக்குப் பஞ்சுப்பொதி மாதிரி இருந்த மேகம், நான்கு மணிக்குள் 12, 15 கிலோமீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும். பயணிகள் விமானம் பறக்கிற உயரத்தைவிட அதிகம்.

சென்னையில் இதற்குக் கடற்காற்றும் துணை. பிற்பகலில் கிழக்கேயிருந்து நுழையும் ஈரமான கடற்காற்றும், மேற்கேயிருந்து வரும் சூடான தரைக்காற்றும் மோதும் இடத்தில் காற்றுக்கு மேலே போவதைத் தவிர வேறு வழி இல்லை. அங்கே மேகம் எழும்புகிறது. திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் உருவாகும் மேகக்கூட்டம் மேற்கு காற்றோடு நகர்ந்து இரவு எட்டு, ஒன்பது மணிக்கு நகரத்துக்குள் வந்து கொட்டுவது பல ஆண்டுகளாகப் பார்க்கிற காட்சி.

கோடையில் தகிக்கும் சேலத்துக்கு மேலேயும் ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் நீர் உறைந்துவிடும். இடிமேகத்தின் மேல்பாதி முழுக்கப் பனித்துகள்கள், ஆலங்கட்டிக் குருணைகள். கீழிருந்து வீசும் காற்றில் இவை ஒன்றோடொன்று உரசி மோதும்போது மின்னூட்டம் பிரிகிறது. பெரும்பாலும் மேகத்தின் உச்சி நேர்மின்னூட்டமும் அடிப்பகுதி எதிர்மின்னூட்டமும் கொள்கின்றன. வித்தியாசம் தாங்க முடியாத அளவுக்குப் போகும்போது காற்றைக் கிழித்துக்கொண்டு மின்சாரம் பாய்கிறது. அந்தப் பாதையில் வெப்பம் 30,000 டிகிரி செல்சியஸ் வரை போகும். சூரியனின் மேற்பரப்பைப்போல ஐந்து மடங்கு. சூடான காற்று ஒரே கணத்தில் விரிவதால் எழுகிற சத்தம்தான் இடி.

தமிழில் ‘இடி விழுந்து இறந்தார்’ என்கிறோம். இடி வெறும் சத்தம், கொல்வது மின்னல். பேச்சுவழக்கில் உள்ள இந்தப் பிசகு விளையாட்டல்ல. இடி முழங்கியதும் ‘அர்ஜுனா, அர்ஜுனா’ என்று காதைப் பொத்திக்கொள்ளும் பாட்டிகள், அந்த மின்னல் ஏற்கெனவே தாக்கி முடித்துவிட்டது என்பதை அறிய மாட்டார்கள். அடுத்தது எவ்வளவு தூரத்தில் என்பதே கேள்வி. ஒலி மூன்று நொடியில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் போகும். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்கினால், ஒன்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கிறது. முப்பதுக்குள் கேட்டால் உடனே கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், 2022-ல் இந்தியாவில் மின்னல் தாக்கி இறந்தவர்கள் 2,887 பேர். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் எண்ணிக்கை 2,800-க்கு மேல். புயலும் வெள்ளமும் செய்தியில் இடம்பிடிக்கின்றன. மின்னல் ஒவ்வொருவராகக் கொண்டுபோவதால் எட்டாம் பக்கத்துப் பெட்டிச் செய்தியோடு முடிந்துபோகிறது. இறப்பவர்களில் மிகப் பலர் வயலில் வேலை செய்பவர்கள், ஆடுமாடு மேய்ப்பவர்கள். 2025 அக்டோபரில் கடலூர் மாவட்டம் வேப்பூர் அருகே மக்காச்சோளக் காட்டில் வேலை செய்துகொண்டிருந்த நான்கு பெண்கள் ஒரே மின்னலில் இறந்தார்கள்.

மழைக்கு மரத்தடியில் ஒதுங்குவது நம் கால்களில் ஊறிப்போன பழக்கம். இடிமழையில் அதுதான் மிக மோசமான இடம். தென்னையோ பனையோ புளியோ, வெட்டவெளியில் உயர்ந்து நிற்பதை மின்னல் தேடிப் பிடிக்கும். மரத்தில் இறங்கிய மின்சாரம் தரை வழியாக நாலாபுறமும் பரவும். மரத்தடியில் கட்டிய மாடுகள் கூட்டமாகச் செத்துக் கிடப்பது இதனால்தான். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே உள்ள தூரம் மின்சாரம் உடல் வழியே பாய வழி கொடுக்கிறது. ஓட வழியே இல்லாத வெட்டவெளியில் மாட்டிக்கொண்டவர்கள் இரண்டு பாதங்களையும் சேர்த்துவைத்துக் குந்தி உட்கார வேண்டும். தரையில் படுக்கக் கூடாது. கண்ணாடி ஏற்றிய காருக்குள் இருப்பது பாதுகாப்பு. தகரக்கொட்டகையும் டிராக்டரும் அப்படி இல்லை.

கணிப்பவர்களின் கை எட்டும் தூரம்

சென்னையில் வானிலைப் பதிவின் வரலாறு நீண்டது. கிழக்கிந்திய கம்பெனி 1792-ல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் கட்டியது. இந்திய வானிலை ஆய்வுத் துறை பிறந்தது 1875-ல். நாட்டின் முதல் டாப்ளர் ரேடார் 2002-ல் சென்னைக்குத்தான் வந்தது. மேகத்துக்குள் இருக்கும் நீர்த்துளிகள்மீது ரேடியோ அலையை அனுப்பி, அது எதிரொலித்து வருவதைக் கொண்டு மழை எங்கே, எவ்வளவு அடர்த்தி, எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்கிற கருவி அது. ‘அடுத்த 3 மணி நேரத்தில்’ என்று தொடங்கும் அறிவிப்புகளுக்கு அடித்தளம் ரேடார்தான்.

நாளை, நாளை மறுநாள் பற்றிய கணிப்பு வேறு வழியில் வருகிறது. காற்று மண்டலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் வெப்பம், அழுத்தம், ஈரம், காற்று என்னாகும் என்று கணினி கணக்கிடுகிறது. கட்டம் பெரிதாக இருந்தால் சிறிய மேகம் சல்லடை ஓட்டையில் நழுவும் மணல் மாதிரி கணக்கில் சிக்காமல் போய்விடும். முன்பு 12 கிலோமீட்டராக இருந்த கட்டத்தின் அளவு, 2025 மே மாதம் அறிமுகமான பாரத் முன்கணிப்பு அமைப்பில் 6 கிலோமீட்டராகக் குறைந்தது. முன்னேற்றம்தான், ஆனால் இடிமேகத்தின் உள்விவகாரம் ஆறு கிலோமீட்டரைவிடச் சிறிய அளவில் நடக்கிறது.

புயல் என்றால் ஐந்து நாள் முன்பே தடம் பார்த்துவிடுகிறார்கள். இந்தத் துறையின் பெரிய சாதனை அது. 2021 டிசம்பர் 30 அதற்கு நேர்மாறு. சென்னைக்குப் பெரிய மழை இல்லை என்று நினைத்திருந்த பிற்பகலில், கடலோரம் தேங்கிய மேகங்கள் சில மணி நேரத்தில் நகரை முடக்கின. எம்.ஆர்.சி. நகரில் 20 செ.மீ.க்கு மேல். அலுவலகம் விட்டுக் கிளம்பியவர்கள் நள்ளிரவில் வீடு சேர்ந்தார்கள். மழை கொட்டத் தொடங்கிய பிறகே சிவப்பு எச்சரிக்கை வந்தது. சென்னையில் ரேடார் இருந்தது, மேகம் தெரிந்தது, அது அவ்வளவு நேரம் நகராமல் நிற்கும் என்பதை முன்கூட்டிச் சொல்லக் கணினிக் கணக்குகளால் முடியவில்லை.

வாக்கியத்தில் இல்லாத சொல்

இவ்வளவு அளந்து சொல்லும் வாக்கியத்தில் ஒரு சொல் இருக்காது: ஏரி. வானிலை மையம் வானத்தைப் பற்றிச் சொல்கிறது. வெள்ளத்தைத் தீர்மானிப்பதில் பாதி தரையின் கையில் இருக்கிறது.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. பெய்தது. நுங்கம்பாக்கத்தில் 29. நவம்பர் முழுக்கப் பெய்த மழையில் ஏரிகள் ஏற்கெனவே ததும்பிக்கொண்டிருந்தன. மண்ணுக்கு ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவும் இடம் இல்லை. செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது. ஒரு கன அடி 28 லிட்டர் என்று போட்டால் நொடிக்கு எட்டு லட்சம் லிட்டர். அடையாறு கரையோரம் தூங்கிக்கொண்டிருந்தவர்களில் பலர், மழை விட்டிருந்த நேரத்தில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறுவதைப் பார்த்தார்கள். இது மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்று பின்னர் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை எழுதியது.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் பல மணி நேரம் நகர மறுத்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 50 செ.மீ.க்கு மேல் பெய்தது. புயல் வலுவிழந்தது என்றதும் பலர் பெருமூச்சு விட்டார்கள். அதன் மிச்சம் உள்நாட்டுக்கு நகர்ந்து, கடலையே பார்க்காத கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இறங்கியது. டிசம்பர் 2 காலை ஊத்தங்கரையில் 50 செ.மீ. பதிவானது. ஏரி நிரம்பி வழிந்த வெள்ளத்தில், பேருந்து நிலையப் பக்கம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் காகிதக் கப்பல்போல மிதந்து போனதை நாடே கைப்பேசியில் பார்த்தது. அதே விடியற்காலையில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி தென்பெண்ணையில் இறங்கி, விழுப்புரம், கடலூர் மாவட்டக் கிராமங்களைச் சூழ்ந்தது.

பெய்கிற இடம் ஒன்று, முழுகுகிற இடம் ஒன்று. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள்மீது நொடிப்பொழுதில் காட்டாற்று வெள்ளம் பாய்ந்து 17 வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டுபோனது. மேலே மலையில் பெய்த மழைதான் அருவியில் வந்தது. மாவட்டக் கணிப்பில் ‘ஓரிரு இடங்களில்’ என்றிருக்கும் அந்த இடம் மலையுச்சியாக இருந்தால், அடிவாரத்தில் இருப்பவருக்கும் அது பொருந்தும்.

நம் முன்னோர் இதை அறிந்தே ஏரிகளைத் தனித்தனியாக வெட்டவில்லை. மேல் ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் வழியாக உபரிநீர் அடுத்த ஏரிக்குப் போகும்; அது நிரம்பினால் அதற்கடுத்தது. வடக்கே ஏரி, மதுரைப் பக்கம் கண்மாய், நெல்லைச் சீமையில் குளம். அங்கே ‘குளம் மறுகால் பாய்கிறது’ என்றால் ஊருக்கே கொண்டாட்டம். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் மொத்தச் சுமையும் கீழே உள்ளதன்மேல் விழும். 2023 டிசம்பரில் தூத்துக்குடி அருகே கோரம்பள்ளம் குளம் உடைத்துக்கொண்டு தண்ணீர் நகரத்துக்குள் புகுந்தது அப்படித்தான். கலங்கலிலிருந்து கிளம்பும் ஓடை மனைப்பிரிவாக மாறியிருந்தால், கனமழைக்கே அங்கு வெள்ளம். அதி கனமழைவரை காத்திருக்கத் தேவையில்லை.

நிறம் சொல்வது என்ன?

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. இவை மழையின் அளவை மட்டும் குறிக்கும் பெயர்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். ஒவ்வொரு நிறமும் கேட்பவருக்கு ஒரு வேலை சொல்கிறது. பச்சை: கவலை இல்லை. மஞ்சள்: அறிவிப்புகளைக் கவனித்துக்கொண்டிருங்கள். ஆரஞ்சு: தயாராகுங்கள். சிவப்பு: செயலில் இறங்குங்கள். சிவப்பு வந்த பிறகு தயாராகத் தொடங்குகிறவர் ஒரு நாள் பிந்திவிட்டார். அத்தியாவசிய மருந்து, குடிநீர், டார்ச், சார்ஜ் ஏற்றிய கைப்பேசி, உறையில் போட்ட ரேஷன் அட்டை, பத்திரம் எல்லாம் ஆரஞ்சு நாளின் வேலை. தாழ்வான வீட்டிலிருந்து வயதானவர்களையும் பிள்ளைகளையும் நகர்த்துவது சிவப்பு நாளின் பகல் வேலை. காயல்பட்டினத்திலும் ஊத்தங்கரையிலும் சாத்தனூரிலும் நெருக்கடி முற்றியது இருட்டில்தான்.

ஓடும் தண்ணீரைப் பற்றி ஒரு கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். வேகமாக ஓடும் 15 செ.மீ. ஆழத் தண்ணீர் நின்றுகொண்டிருக்கும் ஆளைச் சாய்த்துவிடும். 30 செ.மீ. சிறிய காரை மிதக்க வைக்கும். 60 செ.மீ. பெரும்பாலான வண்டிகளைத் தூக்கிச் செல்லும். தரைப்பாலத்தில் ‘முட்டியளவுதானே’ என்று இறங்குபவர் அந்த மூன்றாவது அளவை நெருங்கிவிடுகிறார். ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய நீருக்கு ஓட்டம்கூடத் தேவையில்லை. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில் காரோடு மூழ்கி ஒரு பெண் உயிரிழந்தார்.

மூன்று மணி நேர அறிவிப்பைத் தவறவிடாமல் இருக்க மாநில அரசின் ‘டிஎன் அலர்ட்’ செயலியும், மின்னல் எந்தப் பக்கம் வெட்டுகிறது என்று காட்டும் ‘தாமினி’ செயலியும் இலவசமாகக் கிடைக்கின்றன. மாநில அவசரக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டத்துக்கு 1077.

செயலியில் கிடைக்காத தகவல் ஒன்று உண்டு. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உங்கள் தெருவின் தண்ணீர் எந்த ஏரிக்குப் போகிறது, மேலே உள்ள ஏரியின் கலங்கல் உங்கள் ஊருக்கு எந்தப் பக்கம் திறக்கிறது என்று விவரம் தெரிந்த ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு நடந்து பார்த்துவிட்டு வாருங்கள். அந்த வழியில் வீடு இருந்தால், ‘ஓரிரு இடங்களில்’ என்று கேட்கும்போது உங்கள் இடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.